கெடுதல் இல்லாத கட்டி

நான் பார்த்த மனிதர்களிலேயே மிகவும் நல்லவர் அவர்தான். இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். சொல்லும்போது வாய் கசக்கிறது என்பது வேறு விஷயம்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் அப்போது நான் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்துகொண்டிருந்தேன். நோயாளி வீட்டுக்குப் போகும்போது கையில் கொடுத்தனுப்பும் காகிதம் அது. என்ன நோய், என்ன சிகிச்சை, என்ன மாத்திரை என்று டாக்டர்கள் கிறுக்கித் தருவதைத் திருத்தமாக அடித்துக் கொடுக்க வேண்டும். எனக்கு எதிர் மேஜை அவருடையது. அவர் கோடிங் பார்த்தார். உலகத்தில் உள்ள நோய்களுக்கெல்லாம் ஓர் எழுத்தும் சில எண்களும் வைத்திருக்கிறார்கள். நோயாளியின் ஃபைலைப் படித்து, அந்த நோய்க்கு உரிய எழுத்தையும் எண்ணையும் போட்டு இன்சூரன்ஸுக்கு அனுப்புவது அவர் வேலை. அதைப் பார்த்துத்தான் அவர்கள் ஆபரேஷனுக்குச் சம்மதம் தருவார்கள், இல்லையென்றால் ஆயிரம் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

திண்டிவனத்துக்காரர். தினமும் ரயிலில் வந்து போவார். நாற்பதைத் தாண்டிய வயது, கொஞ்சம் தொப்பை, மடித்துவிட்ட முழுக்கைச் சட்டை. வாட்ச்மேனிலிருந்து டாக்டர்வரை எல்லோருக்கும் அவர் அண்ணன். எங்கள் அறைக்கு வரும் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் கழனி வேலை செய்கிறவர்கள், கட்டட வேலைக்காரர்கள். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்கள். மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே "என்ன?" என்பார்கள். அவர் எழுந்து போய், தன் நாற்காலியை இழுத்துவந்து, அவர்கள் பக்கத்திலேயே போட்டு உட்காருவார். முழுக் கதையையும் கேட்பார். கடைசியில், "நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்பார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவரும் அதைப் பார்ப்பார். பிறகு தானாகச் சிரித்துக்கொண்டு வேலை செய்வார்.

எனக்கும் ஒருமுறை அவர் பார்த்துக்கொண்டார். அரசுத் தேர்வு ஒன்று எழுத லீவு கேட்டிருந்தேன். மேனேஜர் தரவில்லை. கண் கலங்கிப் போய் உட்கார்ந்திருந்தவளிடம், "இதுக்கா அழுதுகினு இருக்க? நான் பாத்துக்கறேன். நீ போய் எழுதிட்டு வா" என்றார். போனேன். என் அப்பாவுக்கு நெஞ்சு வலி, சீரியஸ் என்று அவர் மேனேஜரிடம் சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. அந்த வாரக் கடைசியில் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் ஆப்பிள், ஹார்லிக்ஸோடு காரில் எங்கள் ஊர் பிரம்மதேசத்துக்கே வந்துவிட்டார்கள். அப்பா யூரியா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எதிரே வந்தார்.

"இப்ப நெஞ்சு வலி எப்படி இருக்கு?" என்று மேனேஜர் கேட்டார்.

"யாருக்கு?" என்றார் அப்பா.

அவர்கள் போன பிறகு அப்பா, "லீவுக்கோசரம் என்னைச் சாவ வெச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு உண்மையாகவே அவசரம் என்று லீவு கேட்டாலும் மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"பரீட்சை எழுதினியா, இல்லியா?"

"எழுதினேன்."

"அப்பறம் இன்னா?"

அவருடைய கணக்கு அவ்வளவுதான். வந்தவர் கேட்டது கிடைத்ததா? கிடைத்தது. பின்னால் யார் தலையில் என்ன விழுந்தாலும் அது அவர் கணக்கில் வராது. கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. நன்மை செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் சம்பந்தப்பட்டவரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது, அவ்வளவுதான்.

அவர் மகளுக்குச் சடங்கு வைத்தபோது திண்டிவனத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மனைவி சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தார். பேச்சு அண்ணனின் நல்ல குணத்தைப் பற்றி வந்தது. நான்தான் ஆரம்பித்தேன்.

"எனக்கும் ஒரு நல்லது பண்ணாரு, கேளு" என்றார் அந்த அண்ணி, எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதோ இவ வயித்துல இருந்தப்ப, எட்டாவது மாசம், எங்கம்மா செஞ்சிப் பக்கம் ஊர்ல செத்துப்போயிடுச்சு. எனக்கு யாரும் சொல்லக்கூடாதுன்னு இவரு எல்லார் வாயையும் கட்டிட்டாரு. அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க, மாசமா இருக்கறவ அங்கெல்லாம் வரக்கூடாதுன்னு சொன்னாரு. புள்ளை மாதிரி நின்னு எல்லாக் காரியமும் பண்ணிட்டு, தெனம் ஊட்டுக்கு வந்து, 'இன்னிக்கு இட்லி சாப்டாங்க, உன்னைக் கேட்டாங்க, நல்லா தூங்கச் சொன்னாங்க' அப்படீன்னாரு. நானும் சந்தோஷமா கேட்டுக்கினு இருந்தேன். செத்தவங்க பேசனதையெல்லாம் எனக்கு வந்து சொன்னாரும்மா."

நான் வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"புள்ளை பொறந்தப்பறம்தான் சொன்னாரு. எங்கம்மா மூஞ்சிய நான் பாக்கல. கேட்டா, கொழந்தைக்கு ஏதாவது ஆச்சா, நல்லாத்தானே பொறந்துச்சு அப்படீம்பாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?" வடையைத் திருப்பிப் போட்டார். "இன்னிக்கு வரைக்கும் அவரு எது சொன்னாலும் நான் பாதிதான் நம்புவேன். பாவம், அவருக்கு அது தெரியாது."

அஞ்சலை அதற்கடுத்த வருஷம் வந்தார். விக்கிரவாண்டி டோல்கேட்டை ஒட்டிய ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவி, மாவு பிசைந்து பிழைத்தவர். புருஷன் இல்லை. ஒரே மகள் திவ்யா திண்டிவனத்தில் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்தாள். அஞ்சலைக்கு மூச்சிரைப்பு. மல்லாந்து படுத்தால் யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்ததில் இரண்டு நுரையீரலுக்கும் நடுவே ஒரு கட்டி. ஊசியில் சதை எடுத்துச் சோதித்தார்கள். லேப் ரிப்போர்ட் வந்தது: கெடுதல் இல்லாத கட்டி. புற்று அல்ல. பிறவியிலேயே உடம்பில் ஒளிந்திருந்து மெல்ல வளர்கிற வகை. ஆனால் அது மூச்சுக்குழாயை அழுத்திக்கொண்டிருந்தது. எடுத்தே ஆக வேண்டும்.

அண்ணன் டி பதினைந்து என்று சரியாகத்தான் போட்டு அனுப்பினார். டி என்றால் கெடுதல் இல்லாத கட்டிகளின் வரிசை. சி என்றால் புற்றுநோய். இன்சூரன்ஸில் திருப்பி அனுப்பினார்கள். கெடுதல் இல்லாத கட்டிக்கு இப்போது என்ன அவசரம் என்று கேட்டார்கள். டாக்டர் விளக்கம் எழுதினார். மறுபடியும் திரும்பி வந்தது. அஞ்சலை வார்டில் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினார். உதடு நீலம் பூத்துப் போனது. திவ்யா வந்து எங்கள் வாசலில் நின்றாள். அண்ணன் எழுந்துபோய் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கடைசியில் அதே வார்த்தையைச் சொன்னார்.

அவள் போனதும் என்னைப் பார்த்துச் சொன்னார்: "டி-யை எடுத்துட்டு சி போட்டா நாளைக்கே சம்மதம் வந்துடும். கீபோர்டுல கூட டி-க்குக் கீழதாம்மா சி இருக்குது."

"அண்ணா, கேன்சர்னு ஆயிடுமே."

"கம்ப்யூட்டர்லதானே ஆவும்? உடம்புல இல்லியே."

புற்று இருக்கும் வாய்ப்பை மறுப்பதற்கில்லை என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி இருந்தது. வழக்கமாக எழுதுகிற வரிதான். அதை மட்டும் வைத்து, லேப் ரிப்போர்ட்டை வைக்காமல் அனுப்பினார். மேனேஜருக்குத் தெரியும், பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். சம்மதம் வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டிக்குள் முடியும் கொழுப்பும் இருந்ததாம். டாக்டரே அஞ்சலையிடம், "இது சாதாரணக் கட்டிம்மா, எடுத்தாச்சு, பயப்படாதே" என்று சொன்னார். அஞ்சலை முதல் தடவையாக மல்லாந்து படுத்துத் தூங்கியதைத் திவ்யா ஓடிவந்து எங்களிடம் சொன்னாள். அன்றைக்கு அண்ணன் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

டிஸ்சார்ஜ் அன்று அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தபோது, "இதை நான் அடிக்கறேன், நீ போய் சாப்டு" என்று வாங்கிக்கொண்டார். இன்சூரன்ஸுக்குப் போன எழுத்தும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒன்றாக இருந்தால்தான் தகராறு வராது. அதனால் அதிலும் புற்றுநோய் என்றே அடித்தார். டாக்டர் ஒரு கட்டுக் காகிதத்தோடு சேர்த்து, படிக்காமல் அதிலும் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே அந்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார்.

"அவங்ககிட்ட சொல்லிடலாம்ணா" என்றேன்.

"சொன்னா பயந்துக்குவாங்க. அந்தம்மாவுக்கு இங்கிலீஷு தெரியுமா? பீரோவுல போட்டு வெச்சிடுவாங்க. விடு."

அஞ்சலைக்கு இங்கிலீஷ் தெரியாது. திவ்யாவுக்குத் தெரியும். அதை அவர் யோசிக்கவே இல்லை.

சில மாதங்கள் கழித்து ஒரு மதியம் அஞ்சலை எங்கள் அறைக்கு வந்தார். உடம்பு தேறியிருந்தது. கையில் வெற்றிலை பாக்கு, பத்திரிகை. கல்யாணமாம், திவ்யாவுக்கு. மாப்பிள்ளை அஞ்சலையின் கடைசித் தம்பி. லாரி ஓட்டுகிறவர். திவ்யாவைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் பெரியவர்.

"படிப்பு முடியலியேம்மா, அதுக்குள்ள இன்னா ஜல்தி?" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா பண்றது சாரு? நான் இருக்கறப்பவே ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துடணும்ல? அதும் படிக்கறேன்னுதான் அழுதுச்சு. அப்பறம் எம்மூஞ்சியப் பாத்துட்டு, சரிம்மான்னுடுச்சு." அஞ்சலை குரலைத் தாழ்த்தினார். "கேன்சரு கட்டின்னு எங்க பாப்பா காயிதத்தப் படிச்சிட்டு செல்லுல பாத்துச்சு சாரு. ரெண்டு நாளு சோறு துன்னல. பாப்பாவும் எங்கண்ணனும் எங்கிட்ட மறைச்சி வெச்சாங்க. எனக்குத் தெரியாதா? நீங்கதான் முன்ன நின்னு நடத்தணும் சாரு. எனக்கு அப்பன் மாதிரி நீங்க."

அண்ணனின் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து வந்து அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, உனக்கு கேன்சர் இல்ல. சத்தியமா இல்ல. ஆபரேஷன் நடக்கணும்னு நான்தான் அப்படி எழுதினேன். அது சாதா கட்டி. நீ நூறு வயசு இருப்ப."

அஞ்சலை சிரித்தார். மனசுக்கு இதமாக ஏதோ கேட்டுவிட்ட மாதிரியான சிரிப்பு.

"நீங்க இப்படித்தான் சாரு சொல்லுவீங்க. எனக்குத் தெரியும். அந்த டாக்டரும் இப்படித்தான் சொன்னாரு. நல்ல மனசு உங்களுக்கு."

அண்ணன் மேஜைக்கும் அலமாரிக்குமாக ஓடி லேப் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். அஞ்சலை அதை வாங்கிப் பார்த்துவிட்டு, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். பத்திரிகையின் ஓரத்தில் மஞ்சள் சரியாகத் தடவியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனோடு நானும் அஞ்சலையின் ஊருக்குப் போனேன். தனியாகப் போனால் அந்தப் பெண்ணிடம் பேச முடியாது, நீ கூட வா என்றார். வீட்டில் அஞ்சலையின் பெரிய அண்ணன் இருந்தார். கல்யாணத்தை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். எங்களுக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். எங்கள் அண்ணன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துவரச் சொன்னார். திவ்யா எடுத்து வந்தாள். அதையும் லேப் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தாள்.

"பெரிய மாமா, சாரு சொல்றது நெஜந்தான். இதுல தெளிவா இருக்குது."

"நீ சும்மா இரு. உனக்கு இது ஒரு சாக்கு" என்றார் பெரியவர். பிறகு அண்ணனைப் பார்த்தார். "இந்தக் காயிதத்துல கேன்சருன்னு எழுதனது யாரு?"

"நான்தாங்க."

"இல்லன்னு சொல்றது யாரு?"

"நான்தாங்க."

"அப்ப அன்னிக்குப் பொய் சொன்னியா, இன்னிக்குப் பொய் சொல்றியா?"

"அன்னிக்குங்க. அவங்க உயிரு போயிடக்கூடாதுன்னு..."

"இன்னிக்கும் நல்லதுக்குத்தான் சொல்ற. பொண்ணு படிக்கட்டும், தாய்க்காரி பயப்படாம இருக்கட்டும்னு. தப்பா சொல்லல சாரு, உங்க மனசு தெரியுது. ஆனா நான் எதை நம்பறது?"

சம்மரியின் தலையில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். சுற்றி வளைத்து மேனேஜருக்கே போனது. அஞ்சலையின் பெயரையும் ஃபைல் எண்ணையும் சொன்னதும் மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கம்ப்யூட்டரைப் பார்க்கிறார் என்று பெரியவர் எங்களிடம் சைகை செய்தார்.

"கேன்சர்தாங்க. டாக்டர் கையெழுத்து போட்டுக் குடுத்திருக்காரே. சம்மரில இருக்கறதுதான் சரி. வேற யாராவது ஏதாவது சொன்னா நம்பாதீங்க" என்றார் மேனேஜர்.

வேறு என்ன சொல்வார்? இல்லை என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் பூட்டுப் போட வேண்டி வரும்.

பெரியவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணனைத் திட்டவில்லை. "கலரு குடிங்க" என்றார். திவ்யா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். அஞ்சலை எங்கள் அண்ணனுக்கு விசிறிக்கொண்டே, "எங்களுக்கோசரம் இவ்ளோ தூரம் வந்து பேஜாரு படறீங்களே சாரு" என்றார்.

மறுநாள் காலை அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தன்னிச்சையாகக் கோடிங்கை மாற்றினார் என்று காரணம் சொன்னார்கள். அவர் ஒன்றும் மறுக்கவில்லை. டிபன் பாக்ஸையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். அஞ்சலையின் ஃபைலில் அந்த எழுத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை.

கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அவர் போனார். முன் வரிசையில் அவரை உட்கார வைத்தார்களாம். அட்சதை போட்டுவிட்டு, சாப்பிடாமல் வந்துவிட்டதாக அண்ணி சொன்னார்.

கல்யாணம் முடிந்த பிறகு திவ்யா தன் அம்மாவை வேறொரு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். முழுசாகச் சோதித்துவிட்டு, உடம்பில் ஒரு நோயும் இல்லை என்று சொன்னார்கள். புற்றுநோய் குணமாகிவிட்டது என்று அஞ்சலை புரிந்துகொண்டார். பெரியவரும் அப்படியே புரிந்துகொண்டார். ஊரே புரிந்துகொண்டது.

பிறகு நானும் அந்த வேலையை விட்டேன். போன தை மாதம் திண்டிவனத்தில் பஸ் மாற வேண்டியிருந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவர் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தலை பாதி நரைத்திருந்தது. ஆதார் திருத்த வந்த ஒருவருக்கு ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். முன்போலப் பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

நான் உட்கார்ந்திருக்கும்போதே அஞ்சலை வந்தார். பருத்து, நிறம் வந்து, அடையாளமே தெரியவில்லை. தோளில் ஒரு பை மல்லாட்டை; எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். ஒவ்வொரு அறுவடைக்கும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் போவாராம். பின்னாலேயே திவ்யா, இடுப்பில் குழந்தை. அவள் கடைக்குள் வரவில்லை, வெயிலிலேயே நின்றாள். குழந்தை அழுதது. அஞ்சலை பையை வைத்துவிட்டு, பிஸ்கட் வாங்க எதிர்க்கடைக்குப் போனார்.

அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். "திவ்யா, அம்மாகிட்ட இன்னொரு தடவை நான் பேசிப் பாக்கட்டுமா? எத்தினி வருஷத்துக்கு இப்படியே..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் சார்." அவள் குரலில் கோபமே இல்லை. "இப்ப நம்பிட்டாங்கன்னா இன்னா பண்றது? எதுவுமே இல்லாத நோவுக்குப் பயந்துக்கினு என் படிப்பை நிறுத்தி, கட்டிக் குடுத்துட்டோம்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. ஊட்ல இன்னா நடந்தாலும் நான் அம்மாவுக்குத் தெரியாமப் பாத்துக்கினு இருக்கேன். கேன்சர் இருந்துச்சுன்னே இருக்கட்டும் சார். இனிமே யார்கிட்டயும் இல்லன்னு சொல்லாதீங்க."

அவர் திரும்பி வந்து மல்லாட்டைப் பையை மேஜைமேல் எடுத்து வைத்தார்.

அஞ்சலை பிஸ்கட்டோடு திரும்பி வந்தார். ஆதாருக்காகக் காத்திருந்த ஆள் மல்லாட்டைப் பையைப் பார்த்து, "சொந்தக்காரங்களா?" என்று கேட்டார்.

"சொந்தத்துக்கு மேலங்க" என்றார் அஞ்சலை. "நெஞ்சில கேன்சரு கட்டி எனக்கு. செத்திருக்க வேண்டியவ. இந்த சாருதான் காப்பாத்துனாரு. கேளுங்க, அவரையே கேளுங்க."

அந்த ஆள் அண்ணனைப் பார்த்தார். வெளியே திவ்யாவும் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஆமாங்க" என்றார் அவர்.